தேசிங்கு ராஜன் வம்சத்து ஊர் ஓர்ச்சாவா? டிசம்பரில் போகலாமா?

லயத்துப்_பையன் (சுங்கை சிப்புட், மலேசியா):

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு டில்லிக்கு டிக்கெட் போட்டாயிற்று, குடும்பத்தோடு போகிறோம். டூர் ஏஜெண்ட் ஆக்ரா, ஜெய்ப்பூர், திரும்ப டில்லி என்று எல்லாருக்கும் விற்கிற அதே பாக்கேஜைத்தான் நீட்டுகிறார். அம்மாவுக்கு அதில் மனசு இல்லை, காரணம் தாத்தா. அவர் தென்னார்க்காட்டுக்காரர், திண்டிவனத்துக்குப் பக்கம். இங்கே தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு தேசிங்கு ராஜன் கூத்து போட்டால் மகமத்கான் வேஷம் அவருக்குத்தான். கல்யாண மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு சிநேகிதனுக்காகச் சண்டைக்கு ஓடுகிற கட்டம் வந்தால், தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கிற லயமே அழுமாம். அம்மாவுக்கு அந்தப் பாட்டில் பாதி இன்னும் மனப்பாடம்.

போன வாரம் கோயில் கமிட்டியில் ஒருவர், தேசிங்கு ராஜபுத்திரன், அவனுடைய வம்சத்துக்குச் சொந்த ஊர் ஓர்ச்சா, ஜான்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அம்மா அப்போதிருந்து அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். உண்மையா இது? அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? ஜெய்ப்பூரை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு மதிப்பா? அம்மாவுக்கு முட்டி வலி வேறு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தியார்:

தம்பி, கமிட்டிக்காரர் சொன்னதில் பாதி சரி. தேசிங்கு என்று நாம் சொல்கிற தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரன். புந்தேலாக்களின் மூத்த ராஜ்ஜியம் ஓர்ச்சா. ஆனால் ஓர்ச்சா அரண்மனையில் பிறந்த இளவரசன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். புந்தேலாக்களில் கிளைகள் ஏராளம்: ததியா, பன்னா, சந்தேரி என்று ஆளுக்கொரு கோட்டை. தாய்வீடு ஓர்ச்சா என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

புந்தேல்கண்டில் இருந்தவர்களுக்கு செஞ்சியில் என்ன வேலை? அவுரங்கசீப் காலத்துப் படையில் புந்தேலாக்கள் நிறைய. செஞ்சிக் கோட்டைக்குள் மராட்டிய ராஜாராம் இருந்தபோது மொகலாயர் 1690இல் முற்றுகை போட்டார்கள், 1698 வரை இழுத்தது. அந்த முற்றுகையில் ததியா ராஜா தல்பத் ராவ் என்ற புந்தேலாவும் தன் ஆட்களோடு கிடந்தார். அவரிடம் வேலை பார்த்த பீம்சேன் என்பவர் எழுதிவைத்த குறிப்புகள்தான் இன்றைக்கு அந்தக் காலத்துக்கு நல்ல சாட்சி. கோட்டை விழுந்த பிறகு சொரூப் சிங் என்ற புந்தேலாவை அங்கே கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, போட்டார்கள். அவர் 1714இல் இறந்தார். மகன் தேஜ் சிங் புந்தேல்கண்டிலிருந்து வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டார். இவன் கொடுக்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில், சில நூறு குதிரை வீரர்களோடு பெரும் படைக்கு எதிரே போய்ச் செத்தான். வயது இருபத்திரண்டு என்பார்கள். செஞ்சியில் அவன் ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. மூன்று நூறு வருஷமாக ஆற்காட்டு ஜில்லா முழுவதும் பாடுகிறது, கப்பலேறி இங்கே தோட்டம் வரைக்கும் வந்து பாடியிருக்கிறது. நவாப் அதற்கு மேல் எத்தனையோ வருஷம் ஆண்டார், அவரை யார் பாடினார்கள்?

இனி ஓர்ச்சா. 1531இல் ருத்ர பிரதாப் சிங் தலைநகரை கட்குண்டாரிலிருந்து பேத்வா ஆற்றங்கரைக்கு மாற்றினார், அந்த வருஷமே இறந்தும் போனார். கட்டி முடித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அந்த வம்சத்தில் எல்லாருக்கும் தெரிய வேண்டிய ஆள் வீர் சிங் தேவ். இவர் 1602இல் அக்பரின் மந்திரி அபுல் பசலை வழிமறித்துக் கொன்று தலையை அக்பரின் மகன் சலீமுக்கு, பின்னால் ஜஹாங்கீர் ஆனவருக்கு, அனுப்பினார். சலீம் சொல்லித்தான் செய்தார், அதில் சந்தேகமே இல்லை, ஜஹாங்கீரே பிற்பாடு தன் கையால் எழுதிவைத்திருக்கிறார். அக்பர் இருந்தவரை காட்டுக்குள் ஓடி ஒளிந்து திரிந்தவர், 1605இல் சலீம் ஜஹாங்கீராகப் பட்டம் ஏறியதும் ஓர்ச்சா ராஜா ஆனார். கொலைக்குக் கூலி ஒரு ராஜ்ஜியம். ஓர்ச்சாவின் அழகான மாளிகைகளில் பாதி அந்தக் கூலியில் கட்டியது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஜான்சிக் கோட்டையும் இவர் 1613இல் கட்டியதுதான், ஜான்சி ராணிக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே.

பிறகு மகன் ஜுஜார் சிங், ஷாஜஹானை எதிர்த்தார். 1635இல் படை வந்தது, பேருக்குத் தலைமை பதினாறு வயது அவுரங்கசீப். ஊர் விழுந்தது. ராஜ்ஜியம் அதற்குப் பிறகும் தத்தி நடந்தது, 1783இல் தலைநகரை திக்கம்கருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் ஓர்ச்சா இடிக்கப்படாமல், புதுசாகக் கட்டப்படாமல், அப்படியே நின்றுவிட்டது.

நெடுஞ்சாலை_நாகா:

வாத்தியாரே, வரலாற்றுப் பாடம் எடுத்துவிட்டீர்கள், நான் வழியைச் சொல்கிறேன். நானும் மனைவியும் போய் வந்தோம்.

லயத்துப்_பையன் தம்பி, ஜெய்ப்பூரைத் தாராளமாக விடலாம். டில்லி நிஜாமுதீனிலிருந்து கதிமான் ரயில் பிடித்தால் ஜான்சிக்கு நாலரை மணி நேரம். அதே பாதையில் ஆக்ரா, குவாலியர். ஆகவே ஆக்ராவில் இறங்கி தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு மறுநாள் ஜான்சி போகலாம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடல், அன்றைக்கு கதிமானும் ஓடாது, பார்த்துப் போடுங்கள். ஜான்சி ஸ்டேஷனுக்கு இப்போது வீராங்கனை லட்சுமிபாய் என்று பெயர், டிக்கெட் தேடும்போது குழம்ப வேண்டாம். அங்கிருந்து ஓர்ச்சா பதினேழு பதினெட்டு கிலோமீட்டர்தான், ஆட்டோவே கிடைக்கும்.

ஊர் ரொம்பச் சின்னது. நம்ம ஊர் பசார் தெரு அளவுதான் கடைத்தெரு, தலையைத் தூக்கினால் நாலு பக்கமும் கோட்டையும் கோபுரமும். ஜஹாங்கீர் மகாலில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சதுரமான கட்டடம், நடுவில் முற்றம், மூன்று மாடி. கிழக்கு வாசலில் இரண்டு பக்கமும் கல் யானை. அந்த வாசல் பக்கத்துச் சுவரில் நீல ஓடு பதித்திருந்த மிச்சம் இன்னும் இருக்கிறது, முக்கால்வாசி உதிர்ந்துபோய் அங்கங்கே கைவிரல் அகலத்துக்கு மயில்கழுத்து நீலம். காலை வெயில் நேராக அங்கே விழும், அப்போது போய் நில்லுங்கள். மாடிப்படிதான் சிக்கல்: குறுகல், இருட்டு, ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். அம்மா கீழே முற்றத்தில் உட்காரட்டும். பக்கத்திலேயே ராஜா மகால், அங்கே தரைத்தள அறைகளின் சுவரிலும் கூரையிலும் ராமாயணம், தசாவதாரம் எல்லாம் தீட்டியிருக்கிறார்கள், படி ஏறாமலே பார்க்கலாம்.

அம்மாவுக்குப் பிடிக்கப்போவது ராம் ராஜா கோயில். ராமரை ராஜாவாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள், ஆரத்தி நேரத்தில் போலீஸ்காரர் துப்பாக்கியோடு வாசலில் நின்று மரியாதை செலுத்துகிறார். ஓர்ச்சா ராஜா மதுகர் ஷாவின் ராணி கணேஷ் குவாரி அயோத்தியிலிருந்து சிலையைக் கொண்டுவந்தாராம். முதலில் எங்கே இறக்குகிறாயோ அங்கேதான் இருப்பேன் என்று ராமர் நிபந்தனை. சதுர்புஜர் கோயிலைக் கட்டி முடிக்கவில்லை, அதுவரைக்கும் என்று அரண்மனையில் இறக்கிவைத்தார்கள், பிறகு நகரவே இல்லை. அதனால் அரண்மனை கோயில் ஆனது. ராமருக்கென்று மலைபோலக் கட்டிய சதுர்புஜர் கோயில் எதிரே ராமர் இல்லாமல் நிற்கிறது. கதையை நம்புவது உங்கள் இஷ்டம், ஆனால் ராம் ராஜா கோயில் கட்டடத்தைப் பார்த்தால் கோயில் மாதிரி இல்லை, வீடு மாதிரிதான் இருக்கிறது.

சாயங்காலம் பேத்வா கரைக்குப் போங்கள். ராஜாக்களின் சமாதி மண்டபங்கள் வரிசையாக இருக்கும், சத்ரி என்கிறார்கள். அவற்றின் உச்சி மாடங்களில் கழுகு கூடு கட்டியிருக்கிறது, பிணந்தின்னிக் கழுகு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலி மருந்தால் இந்தியாவில் அந்த இனமே அழியப் பார்த்து, 2006இல் அந்த மருந்தை மாட்டு வைத்தியத்துக்குத் தடை செய்தார்கள். ஓர்ச்சாவில் மிச்சம் இருப்பவை ராஜாக்கள் தலைமேல் குடும்பம் நடத்துகின்றன.

மல்லிகை_ஈப்போ:

நாகா அண்ணே, ஹர்தௌலை விட்டுவிட்டீர்களே! கடைத்தெருப் பக்கம் பூல்பாக் தோட்டத்தில்தான் அவர் சன்னதி. தம்பி, அம்மாவை அங்கே கட்டாயம் கூட்டிப்போங்கள்.

வாத்தியார் ஐயா சொன்ன ஜுஜார் சிங்குக்குத் தம்பி இந்த ஹர்தௌல். அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் ஏதோ இருக்கிறது என்று எவனோ ஓதிவிட, ஜுஜார் தன் மனைவியையே கூப்பிட்டு, நீ உத்தமி என்றால் அவனுக்கு உன் கையால் விஷம் வை என்கிறான். தாய் மாதிரி இருந்த அண்ணி அழுதுகொண்டே பரிமாறுகிறாள், இவனும் தெரிந்தே சாப்பிட்டுச் சாகிறான். பிறகு அக்காள் மகளுக்குக் கல்யாணம். அக்காள் சமாதியில் போய் அழ, செத்தவன் தாய்மாமன் சீரோடு பந்திக்கு வந்தானாம். இன்றைக்கும் புந்தேல்கண்டில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் ஹர்தௌல் சன்னதியில் வைக்கிறார்கள், வந்து காரியத்தை நடத்திக்கொடு என்று. நம்ம தோட்டத்து மதுரைவீரனையும் காத்தவராயனையும் நினைத்துப் பாருங்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவனைச் சும்மா விட ஜனங்களுக்கு மனசு வருவதில்லை, சாமியாக்கி எல்லையில் உட்கார வைத்து, அப்புறம் அவனிடமே காவல் கேட்கிறார்கள். ஜஹாங்கீர் மகாலைக் கட்டின ராஜாவுக்கு யார் பத்திரிகை வைக்கிறார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தேசிங்கு கதை என்றால் எல்லாரும் குதிரையையும் சிநேகத்தையும் பேசுவார்கள். அவன் பெண்டாட்டி நெருப்பில் இறங்கியதைக் கூத்தில் பெருமையாகத்தான் ஆடுவார்கள். ராணிப்பேட்டைக்குப் பெயரே அவளால் வந்தது என்பார்கள். அவளுக்கு அப்போது என்ன வயது இருக்கும்? கப்பத்தைக் கட்டிவிட்டு உயிரோடு இருந்திருக்கலாம் என்று என் பாட்டி கூத்துக் கொட்டகையிலேயே சத்தமாகச் சொல்வாராம். எனக்கும் அதே கட்சிதான்.

பழைய_கிராணி:

எல்லாம் சரி. தேசிங்குக்காகப் போவதென்றால் ஓர்ச்சாவில் என்ன இருக்கிறது? அங்கே ஒருத்தனுக்கும் அவனைத் தெரியாது, கேட்டுப் பாருங்கள். அவன் ஆண்டதும் செத்ததும் செஞ்சியில். டில்லியில் இறங்கி, சென்னை வழியாகத் திரும்புங்கள், சென்னையிலிருந்து நேராகக் கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறதே.

செஞ்சிக்குத் திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான், உங்கள் தாத்தா ஊரையும் பார்த்த மாதிரி ஆயிற்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் வளைத்து மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியத்தில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். நாயக்கர், பீஜாப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் எல்லார் கையிலும் புரண்ட கோட்டை, ஜனங்களைக் கேட்டால் தேசிங்கு கோட்டை என்றுதான் சொல்வார்கள். ராஜகிரி உச்சி எண்ணூறு அடி, அம்மாவால் ஆகாது. கீழேயே கல்யாண மகால், நெற்களஞ்சியம், நவாப் ஜெயித்த கையோடு கட்டின பள்ளிவாசல் எல்லாம் இருக்கின்றன. செட்டிக்குளக் கரையில் ஒரு மேடை இருக்கிறது, தேசிங்குக்குக் கொள்ளி வைத்த இடம் என்று காட்டுவார்கள். சிங்கவரம் ரங்கநாதர் குடைவரைக் கோயிலும் பக்கம்தான். சண்டைக்குப் போகாதே என்று பெருமாள் தடுத்தும் தேசிங்கு கேட்கவில்லையாம், அதனால் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கதை. அங்கேயும் படி உண்டு, ஆனால் மெதுவாக ஏறிவிடலாம்.

லயத்துப்_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். மல்லிகை அக்கா, உங்கள் பாட்டி சொன்னதைக் கேட்டு அம்மா சிரித்துவிட்டு, பிறகு சண்டைக்கே வந்துவிட்டார், கப்பம் கட்டியிருந்தால் கூத்து ஏது என்று. கிராணி ஐயா சொன்னபடி திரும்பும் டிக்கெட்டைச் சென்னையிலிருந்து மாற்ற முடியுமா என்று ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறேன், ஆளுக்கு இருநூறு முந்நூறு வெள்ளி கூட ஆகலாம் என்கிறார், சமாளித்துக்கொள்ளலாம். ஜெய்ப்பூர் இல்லை, ஆக்ரா, ஓர்ச்சா, செஞ்சி. நாகா அண்ணே, டிசம்பரில் ஓர்ச்சாவில் குளிர் எப்படி? ராத்திரி எங்கே தங்குவது?

நெடுஞ்சாலை_நாகா:

பகலில் வெயில் இதமாக இருக்கும், ராத்திரியும் விடியற்காலையும் நம்மால் தாங்க முடியாது. கேமரன் மலைக்குப் போட்டுப்போகிற ஸ்வெட்டர் போதாது, அம்மாவுக்குக் கம்பளிச் சால்வையும் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள்ளேயே அரசு சுற்றுலாத் துறை விடுதி ஒன்று இருக்கிறது, ஷீஷ் மகால். அறை குறைவு, இப்போதே பதிவு செய்தால்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் கடைத்தெருப் பக்கம் சின்ன விடுதிகள் உண்டு.

முக்கியமான விஷயம் மூடுபனி. டிசம்பர் கடைசியில் வடக்கே ரயில் எல்லாம் பல மணி நேரம் தாமதமாகும். ஜான்சியிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே டில்லியில் சென்னை விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு ராத்திரி டில்லியில் தங்கிவிட்டு மறுநாள் மதியத்துக்கு மேல் போகிற விமானமாகப் பார்த்துப் போடுங்கள்.