பன்முகத்தன்மை அறிக்கையா, பல்வகைமைக் கூற்றா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிப்போரிடம் கேட்கப்பட்டு வந்த ‘டைவர்சிட்டி ஸ்டேட்மென்ட்’ என்னும் ஆவணத்துக்குத் தமிழில் எந்தச் சொல்லை ஆளலாம் என்று அம்மையார் இந்த இழையைத் தொடங்கியிருந்தார். இதுவரை பன்முகத்தன்மை அறிக்கை, பன்மை உறுதிமொழி, சமூகநீதி விளக்கவுரை என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலுமே எனக்குத் தடை உண்டு. ஆனால் சொல்லைத் தொடுமுன் பொருளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மூன்று பரிந்துரைகளும் மூன்று வெவ்வேறு பொருள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்று தோன்றுகிறது.

விண்ணப்பதாரர் தம் ஆய்வுத் திட்டத்தையும் கற்பித்தல் நோக்கையும் எழுதித் தருவதோடு, இனம், பால், வர்க்கம் முதலியவற்றால் பின்தள்ளப்பட்ட மாணவர்களுக்காகத் தாம் என்ன அறிந்திருக்கிறார், என்ன செய்திருக்கிறார், இனி என்ன செய்யப்போகிறார் என்பதை ஓரிரு பக்கங்களில் எழுதித் தருவதே இந்த ஆவணம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இதைப் பரவலாகக் கேட்டது. அதன் பெர்க்லி வளாகம் அறிவு, செயல், திட்டம் என்னும் மூன்று தலைப்புகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடும் அட்டவணை ஒன்றை வைத்திருந்தது. மாணவரின் பின்னணியைப் பார்க்காமல் எல்லோரையும் ஒன்றுபோல நடத்துவேன் என்று எழுதுவதை அந்த அட்டவணை குறைந்த மதிப்பெண்ணுக்குரிய விடையாகக் காட்டியது. 2018–19ஆம் ஆண்டில் அங்கே உயிரியல் துறைகளுக்கான தேர்வு ஒன்றில் அடிப்படைத் தகுதி பெற்ற 893 விண்ணப்பங்களில், முதற்கட்டத்தில் இந்த ஆவணத்தை மட்டுமே படித்து 214 பேரை நிறுத்திக்கொண்டு மற்றவர்களை நீக்கினார்கள். அவர்களுடைய ஆய்வை அந்தக் கட்டத்தில் எவரும் எடைபோடவில்லை.

விவாதம் சூடுபிடித்தது இதன் பிறகுதான். அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கணிதத் துறைத் தலைவராக இருந்த அபிகெயில் தாம்சன், 2019 டிசம்பரில் அமெரிக்கக் கணிதவியல் கழகத்தின் இதழில், இது அரசியல் நம்பிக்கையைச் சோதிக்கும் தேர்வு என்று எழுதினார். அவர் ஒப்பிட்டது 1950இல் அதே பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களிடம் கேட்ட கம்யூனிச எதிர்ப்பு உறுதிமொழியை. கையெழுத்திட மறுத்த 31 பேராசிரியர்கள் அப்போது பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ‘பன்மை உறுதிமொழி’ என்று பரிந்துரைத்த ஐயா இந்த ஒப்பீட்டை நினைத்தே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

என் நிலைப்பாட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த நடைமுறையைக் குறை கூறுவோரின் பக்கமே நானும் நிற்கிறேன். பொது நிறுவனம் ஒன்று வேலைக்கு வருபவரின் செயலைக் கேட்கலாம். எந்தச் சொற்களில் அவர் சிந்திக்க வேண்டும் என்பதற்கு மதிப்பெண் இடக்கூடாது. இது வலதுசாரிகளின் குறை மட்டும் அன்று. ஹார்வர்டு சட்டப் பேராசிரியரும் கறுப்பினத்தவருமான ராண்டல் கென்னடி, தம்மை இடதுசாரி என்று சொல்லிக்கொண்டே, 2024 ஏப்ரலில் இந்த நடைமுறையைக் கைவிடச் சொல்லி எழுதினார். அடுத்த இரண்டு மாதங்களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹார்வர்டின் கலை அறிவியல் புலமும் அதைக் கைவிட்டன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே 2025 மார்ச்சில் நிறுத்திக்கொண்டது. அப்படியிருந்தும் ‘உறுதிமொழி’ என்று பெயரிட எனக்கு ஒப்புதல் இல்லை. உறுதிமொழியில் வாசகம் முன்பே எழுதப்பட்டிருக்கும், சொல்பவர் அதை அப்படியே சொல்வார். இங்கே வாசகம் விண்ணப்பதாரருடையது. அது உறுதிமொழிபோல் ஆகிவிட்டது என்பது நம் வாதமாக இருக்கலாம்; அந்த வாதத்தைப் பெயருக்குள் வைத்துவிட்டால், பிறகு வாதிட எதுவும் மிஞ்சாது.

‘சமூகநீதி விளக்கவுரை’ இதைவிடப் பெரிய குழப்பத்தைத் தரும். தமிழில் சமூகநீதி என்றவுடன் இடஒதுக்கீடும், அதற்கு முன்னோடியான வகுப்புவாரிப் பிரதிநிதித்துவமுமே நினைவுக்கு வருகின்றன. நம் அரசியலமைப்பின் 16(4)ஆம் பிரிவு பேசுவது போதிய பிரதிநிதித்துவத்தைப் பற்றி, அதாவது பங்கைப் பற்றி. அமெரிக்காவில் கதை வேறு. டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கியதை 1978இல் பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி பவல், சமூகத்தில் பொதுவாக நிலவிய அநீதிக்கு ஈடு செய்வதை ஒரு காரணமாக ஏற்கவில்லை. பலதரப்பட்ட மாணவர்கள் ஒன்றாகப் படிப்பதால் கல்விக்குக் கிடைக்கும் பயனை மட்டும் ஏற்றார். ஈடு என்ற கதவு சாத்தப்பட்டதால், அதற்குப் பின் எல்லாக் கோரிக்கைகளும் பல்வகைமை என்ற ஒரே சன்னல் வழியாக நுழைய வேண்டியதாயிற்று. அடிமை முறையின் கணக்கும், குடியேறிகளின் குறையும், பாலினக் குறையும் அந்த ஒரு சொல்லுக்குள் திணிக்கப்பட்டன. டி.இ.ஐ. (பல்வகைமை, சமத்துவம், உள்ளடக்கம்) அலுவலகங்களின் மொழி ஏன் அவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். நீதி என்று சொல்ல முடியாத இடத்தில் பயன் என்று பேசிப் பழகிய மொழி அது.

ஆகவே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜூன் 29 தீர்ப்பை ‘அமெரிக்காவில் இடஒதுக்கீடு ரத்து’ என்று எழுதுவது பிழை. ஒதுக்கீடு 45 ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. 2023இல் போனது, சேர்க்கையின்போது இனத்தையும் ஒரு காரணியாகக் கணக்கில் எடுக்கும் உரிமை. அதற்கும் ஒரு நல்ல தமிழ்ச்சொல் தேவைப்படுகிறது; அதைத் தனி இழையில் பேசலாம்.

இனி ‘பன்முகத்தன்மை அறிக்கை.’ ஒரே பொருளுக்குப் பல முகங்கள் இருப்பது பன்முகம். நடிப்பு, பாட்டு, எழுத்து எல்லாம் தெரிந்தவரைப் பன்முகக் கலைஞர் என்கிறோம். இங்கே பேசப்படுவதோ பல வகையினர் ஓரிடத்தில் இருத்தல். ‘பன்மை’ சுருக்கமானதுதான், ஆனால் இலக்கணத்தில் ஒருமைக்கு எதிர்ச்சொல்லாக அது இடம் பிடித்துவிட்டது. ‘பல்வகைமை’ பொருந்துகிறது. ‘அறிக்கை’யோ ஆண்டறிக்கை, நிதிநிலை அறிக்கை என்று வேறு பக்கம் இழுக்கிறது, தமிழ் விவிலியத்தின் வழக்கில் பாவத்தை அறிக்கையிடுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. குறை கூறுவோருக்கு அது இனிக்கலாம், அகராதிக்கு ஆகாது.

எனவே ‘பல்வகைமைக் கூற்று’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்கிறோமே, அந்தக் கூற்று. யார், யாரிடம், எந்தச் சூழலில் சொல்கிறார் என்பதை அந்தச் சொல் கேட்க வைக்கிறது. சொன்னது மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிப்பதில்லை.

அன்புடன்.

* * *

அன்பின் ஐயா,

> அந்த வாதத்தைப் பெயருக்குள் வைத்துவிட்டால், பிறகு வாதிட எதுவும் மிஞ்சாது.

‘உறுதிமொழி’யைப் பரிந்துரைத்தவன் நான்தான். பெயர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். ஆனால் ‘பல்வகைமை’ என்ற பாதி ஆங்கிலத்திலேயே ஆதரவாளர்கள் சூட்டிய பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. அது மங்கலச் சொல். யாராவது பல்வகைமையை எதிர்ப்பார்களா? ஒரு பக்கத்தாரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தாரின் சொல்லை மட்டும் வாதம் என்று ஒதுக்குவது முறையாகுமா?

மேலும், அகப்பாடலில் தலைவி புலவர் படைத்த மாந்தர். ‘கூற்று’ என்றால் விண்ணப்பதாரர் வேடமிட்டுப் பேசுகிறார் என்று ஆகாதா?

* * *

அன்புள்ள ஐயா,

முதல் கேள்வி கூர்மையானது. ஆவணத்தைக் கேட்ட நிறுவனம் அதற்கு இட்ட பெயரைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை என்பதைத் தவிர எனக்கு வேறு விடை இல்லை. அரசு தன் சட்டத்துக்கு மக்கள் நலச் சட்டம் என்று பெயர் வைத்தால், அதைக் கண்டிக்கும் கட்டுரையிலும் அந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறோம். ஆனால் ஓர் உடன்பாட்டுக்கு வரலாம். கலிபோர்னியாவில் 1996இல் மக்கள் வாக்கெடுப்பில் 209ஆம் முன்மொழிவு நிறைவேறியதால், பொது நிறுவனங்கள் வேலை தரும்போது இனத்தைப் பார்த்து முன்னுரிமை தர முடியாது. அதனாலேயே இந்த ஆவணம் அங்கே நீங்கள் யார் என்று கேட்காமல் என்ன செய்தீர்கள் என்று கேட்டது. இது அந்தத் தடையைச் சுற்றிச் செல்லும் குறுக்குவழி என்பது ஒரு தரப்பு; மாணவர்களுக்காக ஆசிரியர் செய்த, எவரும் கணக்கில் எடுக்காத உழைப்புக்கு மதிப்பளிப்பது என்பது மறு தரப்பு. இரு தரப்பும் ‘பங்களிப்பு’ என்ற சொல்லைச் சுற்றித்தான் மோதுகின்றன. ஆகவே முழுப் பெயரைப் ‘பல்வகைமைப் பங்களிப்புக் கூற்று’ என்றும், சுருக்கத்தைப் ‘பல்வகைமைக் கூற்று’ என்றும் பதியலாம்.

வேடம் பற்றிய உங்கள் ஐயம் சரிதான். கேட்பவர் எதை விரும்புவார் என்று அறிந்து எழுதப்படும் எந்த விண்ணப்பத்திலும் கொஞ்சம் வேடம் உண்டு. ஆய்வுத் திட்டத்தில் இல்லையா? அந்த நிழல் சொல்லில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அகராதிப் பதிவுக்கான வரைவு இது. பல்வகைமைக் கூற்று: பணிக்கோ பதவி உயர்வுக்கோ விண்ணப்பிப்பவர், பின்தள்ளப்பட்ட பிரிவினரின் கல்விக்குத் தாம் ஆற்றிய, ஆற்றவிருக்கும் பணியை விளக்கி நிறுவனத்துக்கு எழுதித் தரும் ஆவணம்; கட்டாயமாகவும் இருக்கலாம், விருப்பமாகவும் இருக்கலாம்.

‘பின்தள்ளப்பட்ட’ என்பதா, ‘குறைவாக இடம்பெற்ற’ என்பதா என்று ஒரு கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. முன்னது யாரோ தள்ளினார்கள் என்கிறது. பின்னது எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. இரண்டாவதற்கே சாய்கிறேன். அம்மையாரின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.