சுடர் வெப்பநிலைக் கணக்கு: வேலையிடத்தில் பார்த்ததைப் பகிருங்கள்

ஷிஃப்ட்காரன்:
சிங்கப்பூரின் ஜூரோங் தீவு ஆலைகளில் ஃபர்னஸ் (உலை) பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், பர்னருக்கு வரும் வாயு எப்போதும் ஒன்றுபோல் இருக்காது. பல யூனிட்களில் மிஞ்சும் ஹைட்ரஜன், மீத்தேன், ஈத்தேன், கொஞ்சம் புரோப்பேன் எல்லாம் ஒரே டிரம்மில் கலந்து வரும். எங்கோ ஒரு யூனிட் நின்றால் போதும், கலவை மாறிவிடும். அப்படி ஒரு நைட் ஷிஃப்டில் ஹைட்ரஜன் பாதியளவுக்கு ஏறிவிட்டது. புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணே, மீத்தேன் சுடர் 1950 டிகிரி, ஹைட்ரஜன் 2110. பாதிக்குப் பாதின்னா நடுவுலதானே வரணும்?"

நல்ல கேள்வி. நிறையப் பேர் இப்படித்தான் சராசரி போடுகிறார்கள். ஆனால் வெப்பநிலைகளைச் சராசரி போட்டால் விடை வராது. எவ்வளவு வெப்பம் வரவு, அதை எந்தெந்த வாயு வாங்கிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கேயே ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அளவு) மீத்தேன் எரிந்தால் 802 கிலோஜூல் வெப்பம். ஹைட்ரஜன் என்றால் 242தான். பாதிக்குப் பாதி கலவையில் 401, 121, ஆக 522. கன அளவில் சரிபாதியாக இருந்தும் வெப்பத்தில் முக்கால் பங்குக்கு மேல் மீத்தேன் கொடுத்தது. எரிய 1.25 மோல் ஆக்சிஜன் வேண்டும். அதைக் காற்றிலிருந்து எடுப்பதால் 4.7 மோல் நைட்ரஜன் சும்மா கூடவே வருகிறது. எரிந்து முடித்ததும் கையில் இருப்பது 0.5 மோல் கார்பன் டை ஆக்சைடு, 1.5 மோல் நீராவி, அந்த 4.7 நைட்ரஜன். 1200 கெல்வினில் இவற்றின் வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம், மோலுக்கு 56.2, 43.9, 33.7 ஜூல். பெருக்கிக் கூட்டினால் டிகிரிக்குச் சுமார் 252 ஜூல். 522 கிலோஜூலை இதால் வகுத்தால் 2070 டிகிரி ஏற்றம், தொடக்கத்தின் 25 சேர்த்து 2095.

இதே முறையில் தனி மீத்தேனுக்கு 2045, தனி ஹைட்ரஜனுக்கு 2280 வருகிறது. நடுப்புள்ளி 2160க்கு மேல். நம் கலவை அங்கே போகவே இல்லை, மீத்தேன் பக்கமே நிற்கிறது. தம்பி தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டான். "ஆனா புத்தகத்துல 1950னு இருக்கே, உங்களுக்கு ஏன் 2045?" என்றும் கேட்டான். அதை விளக்குவதற்குள் அலாரம் அடித்துவிட்டது.

பாலிடெக்னிக் ஆசிரியை:
அதை நான் சொல்கிறேன். என் வகுப்பில் வருடா வருடம் யாராவது ஒருவர் மீத்தேனுக்கு 2500 டிகிரி என்று கொண்டுவருவார். அறை வெப்பநிலையின் வெப்பக் கொள்ளளவையே கடைசி வரை பிடித்துக்கொண்டால் அந்த எண்தான் வரும். வாயு சூடாகச் சூடாக ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் அதிக வெப்பம் கேட்கும். அட்டவணையில் உள்ள என்தால்பியை (அந்தந்த வெப்பநிலையில் வாயு வைத்திருக்கும் வெப்பம்) வைத்துச் செய்தால் 2055 பக்கம் இறங்கிவிடும். ஷிஃப்ட்காரன் 1200 கெல்வின் மதிப்பை எடுத்தது நல்ல குறுக்குவழி.

மீதி 100 டிகிரி எங்கே போகிறது? அந்தச் சூட்டில் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது, நீராவியிலும் கொஞ்சம் உடைகிறது. உடைவதற்கு வெப்பம் செலவாகும். அதையும் கழித்தால்தான் 1950. ஹைட்ரஜன் சுடர் இன்னும் சூடு என்பதால் அங்கே கழிக்க வேண்டியதும் கூடுதல். இந்தப் பகுதியைக் கையால் போட்டால் பொழுது போய்விடும். நாசாவின் சிஇஏ, அல்லது இலவசமாகக் கிடைக்கும் கேன்டெரா போன்ற கணினி நிரல்கள் நொடியில் செய்துவிடும். ஆனாலும் ஒரு முறையாவது கையால் போட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இல்லாவிட்டால் நீராவி குளிர்ந்து நீராகும் வெப்பத்தையும் சேர்த்த மேல் வெப்ப மதிப்பான 890ஐ உள்ளே கொடுத்து, கணக்கு 220 டிகிரி கூடிப்போனதுகூடத் தெரியாமல் அறிக்கை எழுதுவார்கள். நீர் ஆவியாகவே வெளியேறும்போது 802தான் சரி.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. புத்தகங்கள் எல்லாம் உலர்ந்த காற்றுக்குக் கணக்குப் போடுகின்றன. சிங்கப்பூரில் 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் சாதாரண நாள். அப்போது காற்றில் 3.4 விழுக்காடு நீராவி. மீத்தேனுக்கு மோல் ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு மோல் நீராவி கூடுதலாக உள்ளே நுழைகிறது. அதுவும் சூட்டை வாங்கும். எளிய முறையில் போட்டால் சுடர் 70 டிகிரி குறைகிறது! வகுப்பில் இதைப் போட்டுக் காட்டும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கும் மிகப் பிடித்த கணக்கு இதுதான்.

யீஷூன் சமையல்காரர்:
நான் படித்தவன் இல்லை, கடை அனுபவம் சொல்கிறேன். முன்பு எல்பிஜி சிலிண்டர். இப்போதைய கடையில் குழாயில் வரும் டவுன் கேஸ். இதில் ஹைட்ரஜன் அதிகம் என்பார்கள். "இந்தக் கேஸ் வலுவில்லை, சூடு வராது" என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். அடுப்பைப் பொருத்த வந்த உரிமம் பெற்ற தொழிலாளர் நாசிலைக் காட்டினார், துளை கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது. அதே கன அளவில் இந்தக் கேஸில் வெப்பம் பல மடங்கு குறைவு, அதனால் அதிகமாக விட வேண்டும், சுடரின் சூடு குறையாது என்றார். வோக் வழக்கம்போலவே காய்கிறது. அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது, டீச்சர். கேஸ் குறைவாக வெப்பம் தந்தாலும் அதற்குக் காற்றும் குறைவாகத்தான் வேண்டும், அப்படித்தானே?

பாலிடெக்னிக் ஆசிரியை:
அதேதான் அண்ணே. சூடாக்க வேண்டிய நைட்ரஜனும் குறைகிறது.

ஷிஃப்ட்காரன்:
ஈரப்பதக் கணக்கை நாளைக்கே தம்பியிடம் காட்டுகிறேன். அவனுடைய அடுத்த கேள்வியையும் சொல்லிவிடுகிறேன்: "சுடர் 1900ங்கிறீங்க, பிரிட்ஜ்வாலில் (புகை எரியறையை விட்டு வெளியேறும் இடம்) 850தானே காட்டுது?" கணக்கில் வருவது வெப்பம் எதுவும் வெளியே போகாத சுடர். உலையில் குழாய்கள் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன, அதற்காகத்தானே உலை. போதாததற்கு 15 விழுக்காடு கூடுதல் காற்று விடுகிறோம், அதுவே எளிய கணக்கில் 220 டிகிரியைத் தின்றுவிடும்.

அப்படியானால் சுடர் வெப்பநிலை எதற்கு என்றால், காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுக்கு. 1500 டிகிரிக்கு மேல் அது சரசரவென்று ஏறும். ஹைட்ரஜன் ஏறினால் கணக்கில் வரும் எண் 50 டிகிரிதான் நகர்கிறது, ஆனால் அது வேகமாக எரிவதால் பர்னர் வாயருகே சூடு குவிகிறது. அதனால் கலவை மாறும் இரவுகளில் நான் ஆக்சிஜன் அனலைசரைப் பார்த்துவிட்டு, நேரே உலைச் சுவரில் உள்ள பீப் ஹோலுக்கு (பார்வைத் துளை) போய் ஒவ்வொரு பர்னரின் சுடரையும் கண்ணால் பார்க்கிறேன். ஹைட்ரஜன் சுடர் மங்கலாகத்தான் தெரியும், பர்னரைச் சுற்றியுள்ள டைல் சிவப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.