உபா வழக்கில் ஜாமீன்: 43டி(5) இருக்கணுமா, போகணுமா?

நடுப்பக்கம்:
கிரிக்கெட் இழையில் ஆரம்பித்த சண்டை உபாவில் வந்து நின்று, மட்டுறுத்துநர் பூட்டுப் போட்டுவிட்டார். அதனால் தனி இழை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: உபா என்பது 1967ஆம் வருடத்துச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். மும்பைத் தாக்குதல் நடந்த சூட்டோடு, 2008 டிசம்பரில் அதில் 43டி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன் 5ஆம் உட்பிரிவுப்படி, போலீஸ் தரும் காகிதங்களைப் பார்த்து "குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிகிறது" என்று நீதிபதி நினைத்தாலே போதும், ஜாமீன் கிடையாது. 2019இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. அந்தக் காகிதங்கள் சாட்சியமாகச் செல்லுமா செல்லாதா என்பதை ஜாமீன் கட்டத்தில் துருவக்கூடாதாம். அப்படியென்றால் வக்கீல் எதை வைத்து வாதாடுவார்?

சட்டம் இருக்கட்டும், இந்த உட்பிரிவு போகவேண்டும் என்பது என் கட்சி.

கோவை_ரவுண்டானா:
போகக்கூடாது என்பது என் கட்சி. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்தபோது எனக்கு ஒன்பது வயது. 58 பேர் செத்தார்கள் என்று நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். என் மாமா பிழைத்தவர்களில் ஒருவர், இடது காது அன்றோடு போயிற்று. இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது இடது பக்கம் உட்கார்ந்து பேசினால், இலையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவார்.

2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் பக்கம் கார் வெடித்ததே, அதில் செத்துப்போன ஆளை 2019இலேயே என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) விசாரித்து விட்டிருக்கிறது. முன்கூட்டியே பிடித்து வைக்க முடியாத சட்டம் எதற்கு? அப்புறம் ஒன்று, 43டி(5) உபாவின் எல்லாக் குற்றத்துக்கும் கிடையாது. 4ஆம், 6ஆம் அத்தியாயத்துக்கு மட்டும்தான், அதாவது பயங்கரவாதச் செயல், பயங்கரவாத அமைப்பு. பாதிப் பேர் இதைப் படிக்காமலே பேசுகிறீர்கள்.

மலைக்கோட்டை:
படித்துவிட்டே பேசுகிறேன். எங்கள் திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்தவர் ஸ்டேன் சாமி, பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார். 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைது செய்தபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. தண்ணீர் குடிக்க ஸ்ட்ராவும் உறிஞ்சு குவளையும் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட்டார், அதற்குப் பதில் சொல்ல என்ஐஏ 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5ஆம் தேதி செத்தும் போனார், விசாரணையே தொடங்கவில்லை. அவருக்குப் போட்டதும் உங்கள் அதே 4ஆம், 6ஆம் அத்தியாயம்தான் நண்பரே. அத்தியாயத்தைத் தேர்ந்தெடுப்பது நீதிபதி இல்லை, வழக்குப் போடுகிறவர்.

கோவை_ரவுண்டானா:
அந்த ஸ்ட்ரா விஷயத்துக்கு நான் முட்டுக்கொடுக்க மாட்டேன், அது அசிங்கம். ஆனால் ஒரு கேஸை வைத்துப் பிரிவையே தூக்கு என்பது என்ன நியாயம்?

வெயிலான்:
ஒரு கேஸா? 2016லிருந்து 2019 வரை உபாவில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டனை பெற்றவர்கள் 132 பேர். நான் சொல்லவில்லை, மாநிலங்களவையில் அரசே சொன்ன கணக்கு. நூற்றுக்கு இரண்டு பேர்.

பழைய கதையும் இருக்கிறது. உபாவின் 43டிக்கு முன்னால் இருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பொடா. அதைக் கொண்டுவந்த கூட்டணியிலேயே இருந்து, நாடாளுமன்றத்தில் அதை ஆதரித்த வைகோ, திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக 2002 ஜூலையில் அதே பொடாவில் உள்ளே போனார். வெளியே வர 19 மாதம். இன்றைக்கு ஆதரிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

கோவை_ரவுண்டானா:
அந்த நூற்றுக்கு இரண்டு தப்பான கணக்கு. அந்த 132 பேர் இந்த 5,922 பேருக்குள் வரவேண்டும் என்றே இல்லை. இந்த வருடம் கைதானவனுக்கு இந்த வருடமே தீர்ப்பு வருமா? தீர்ப்பு வந்த வழக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை பேருக்குத் தண்டனை என்று பாருங்கள், படம் வேறு மாதிரி இருக்கும்.

வெயிலான்:
சரி, கணக்குப் போட்ட விதம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "தீர்ப்பு வர வருடக்கணக்கில் ஆகும்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே. அதுவரை அந்த ஆள் எங்கே இருப்பார்?

குமாஸ்தா22:
நான் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, 22 வருடம் ஆகிறது. இந்த மாதிரி வழக்கு ஒன்று எங்கள் ஆபீஸில் ஓடுகிறது, எது என்று சொல்ல மாட்டேன். குற்றப்பத்திரிகை நகல் அட்டைப்பெட்டிகளில் வந்தது, பீரோ மேல் அடுக்கி, இடம் போதாமல் சீனியர் மேஜைக்கு அடியிலும் தள்ளி வைத்தோம், அவர் ஒரு வருடமாகக் காலை மடக்கித்தான் உட்காருகிறார். நகல் தெளிவாக இல்லை என்று மெமோ போட்டால் ஒரு வாய்தா. பதில் தாக்கல் செய்ய இன்னொன்று. ஒருமுறை வெளிமாநிலத்திலிருந்து சாட்சி ஒருவர் ரயிலேறி வந்து, காலை முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி லீவு. படி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் அடுத்த தேதிக்கு வரவில்லை.

நேர்மையாகச் சொன்னால் எங்கள் தரப்பும் வாய்தா வாங்கும். ஆனால் நாங்கள் வாங்கும் வாய்தாவுக்கு ஜெயிலில் இருப்பது எங்கள் கட்சிக்காரர்தான், போலீஸ்காரர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். என்ஐஏ சட்டத்தில் தினசரி விசாரணை என்று எழுதியிருக்கிறது. நான் ஒரு நாள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

நடுப்பக்கம்:
இதைத்தான் 2021இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. 2010இல் கேரளாவில் பேராசிரியர் ஜோசப்பின் கையை வெட்டிய வழக்கு, ஞாபகம் இருக்கும். அதில் நஜீப் 5 வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார், இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. விசாரணை நியாயமான காலத்துக்குள் முடியும் வாய்ப்பில்லை என்றால் 43டி(5) இருந்தாலும் அரசமைப்பு நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள்.

கோவை_ரவுண்டானா:
நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. அந்த நஜீப் 2015 வரை தலைமறைவாக இருந்தவர். ஐந்து வருடம் ஓடி ஒளிந்தவருக்கு ஜாமீன். சரி, 2023 ஜூலையில் என்ன ஆயிற்று? குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை. அப்பாவி அப்பாவி என்று கண்ணீர் விட்டவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மலைக்கோட்டை:
யாரும் அவரை அப்பாவி என்று சொல்லவில்லை, தீர்ப்பைப் படியுங்கள். ஜாமீனில் விட்ட பிறகு என்ன நடந்தது? விசாரணை முடிந்தது, தண்டனையும் வந்தது. ஜாமீன் கொடுத்ததால் வழக்கு எங்கே கெட்டது? எனக்கென்னவோ இது உங்கள் வாதத்துக்கு ஆதாரமாகத் தெரியவில்லை, எங்களுடையதற்கு.

கோவை_ரவுண்டானா:
ஓடவில்லை என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். 2021இல் யாருக்குத் தெரியும்? அதே வழக்கின் முதல் எதிரி 13 வருடம் கழித்து 2024 ஜனவரியில்தான் கண்ணூர் மாவட்டத்தில் பிடிபட்டான். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெயிலான்:
உங்கள் கோவை வழக்கையே எடுப்போம். அந்தக் குண்டுவெடிப்பு வழக்கில் கேரள அரசியல்வாதி மதானி 1998இல் கைது, 2007 ஆகஸ்டில் விடுதலை. ஒன்பது வருடத்துக்கு மேல் விசாரணைக் கைதி. அதற்கு யார் பதில்?

கோவை_ரவுண்டானா:
இதற்குத்தான் காத்திருந்தேன். 1998இல், பொடாவுக்கு முந்தைய பயங்கரவாதச் சட்டமான தடா காலாவதியாகிவிட்டது, பொடா வரவில்லை, 43டி பிறக்கவே பத்து வருடம் பாக்கி. சாதாரணச் சட்டத்திலேயே ஜாமீன் மறுத்தார்கள். ஆக, 43டி(5)ஐ எடுத்துவிட்டால் எல்லாருக்கும் ஜாமீன் என்று நினைப்பது கனவு. நோய் வேறு, நீங்கள் அறுக்கச் சொல்லும் இடம் வேறு.

நடுப்பக்கம்:
நல்ல அடி, இதை நான் யோசிக்கவில்லை. ஆனால் சாதாரணச் சட்டத்தில் மறுக்கும் நீதிபதி காரணம் எழுதவேண்டும், அதை மேலே போய்க் கேள்வி கேட்கலாம். இங்கே "சட்டம் என் கையைக் கட்டிவிட்டது" என்று ஒரு வரியில் முடிகிறது. இதில் உச்ச நீதிமன்றமே ஒரு நிலையில் இல்லை. 2024 பிப்ரவரியில் குர்விந்தர் சிங் வழக்கில் "ஜாமீனே விதி" என்பது உபாவுக்குப் பொருந்தாது என்கிறது ஒரு அமர்வு, ஆகஸ்டில் ஜலாலுதீன் கான் வழக்கில் சிறப்புச் சட்டத்துக்கும் அதே விதிதான் என்கிறது இன்னொன்று. எந்த அமர்வுக்குப் பட்டியல் ஆகிறது என்பதைப் பொறுத்து ஒருவன் தலையெழுத்து.

குமாஸ்தா22:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 479ஆம் பிரிவில், அதிகபட்ச தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவருக்கு ஜாமீன், முதல் குற்றம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றங்களுக்கு இது கிடையாது. உபாவில் பெரிய பிரிவுகள் எல்லாம் ஆயுள் வரை போகும். 43டி(5)ஐத் தொடாமல், இத்தனை வருடத்தில் விசாரணை முடியாவிட்டால் ஜாமீன் என்று ஒரு வரி சேர்த்தால் கோவைக்காரர் ஒத்துக்கொள்வாரா?

கோவை_ரவுண்டானா:
எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். வாய்தா வாங்கியது எதிரி தரப்பு என்றால் அந்த நாட்களைக் கழித்துவிட்டு எண்ணவேண்டும், இல்லாவிட்டால் மெமோ போட்டே வெளியே வந்துவிடுவார்கள்.

குமாஸ்தா22:
மூன்று. கழிக்கலாம், ஆனால் நீதிபதி லீவு, சாட்சி வரவில்லை, அரசு வக்கீல் வேறு கோர்ட்டில் என்பதெல்லாம் அரசுக் கணக்கில்.

கோவை_ரவுண்டானா:
ஐந்து.

மலைக்கோட்டை:
ஸ்டேன் சாமி ஒன்பது மாதம்தான் இருந்தார்.