பூனைக்காலிப் பொடி சேர்த்த பிறகு உடல் தானாக நெளிகிறது: அளவு கூடியதா, நோய் முற்றியதா?

கேள்வி: கோபி மருமகள்

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமனாருக்கு வயது 69. ஏழு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது. லெவோடோபா 100 மில்லிகிராமும் கார்பிடோபா 25 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையை நாளுக்கு நான்கு வேளை எடுத்துக்கொள்கிறார்.

ஆறு வாரங்களுக்கு முன் உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கிவந்தோம். காலையும் மாலையும் மாத்திரை போடும் நேரத்திலேயே ஒரு கரண்டிப் பொடியைப் பாலில் கலந்து அத்தை கொடுத்துவருகிறார். முதல் பத்து நாட்கள் எங்களுக்கெல்லாம் வியப்பாக இருந்தது. இரண்டு ஆண்டுகளாக நான் போட்டுவிட்டுக்கொண்டிருந்த சட்டைப் பொத்தான்களை மாமா தாமே போட்டுக்கொண்டார். இப்போதோ பொடி குடித்த முக்கால் மணி நேரத்தில் கழுத்தும் தோளும் நெளியத் தொடங்கிவிடுகின்றன. கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இடது கால் வீசி வீசி ஆடுகிறது. பிற்பகல் மூன்று மணி வாக்கில் இதற்கு நேர்மாறாக, ஆசாரத்திலிருந்து வாசலுக்கு இறங்கும் படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் அசையாமல் நின்றுவிடுகிறார்.

நோய் முற்றிவிட்டது என்கிறார் என் கணவர். பொடி போதவில்லை, இன்னொரு கரண்டி சேர்க்கலாம் என்கிறார் அத்தை. எது சரி? இந்தப் பொடியை எவ்வளவு கொடுக்கலாம்?

பதில் 1: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், ஈரோடு

அம்மா, முதலில் ஒன்று. இன்னொரு கரண்டி சேர்க்க வேண்டாம்; நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் பொடியை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பூனைக்காலி விதையில் இருப்பது மாத்திரையில் உள்ள அதே லெவோடோபாதான்; மூளைக்குள் போய் டோபமைனாக மாறி உடல் அசைவைச் சீராக்கும் பொருள் அது. உலர்ந்த விதையின் எடையில் ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காடு வரை அது இருக்கும். நேற்று உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டுத் தேக்கரண்டியில் பொடியை எடுத்து, நகை எடை போடும் சிறு தராசில் நிறுத்துப் பார்த்தேன். தலைதட்டிய கரண்டி 3 கிராம் நின்றது. கோபுரமாக அள்ளியது 5 கிராமைத் தாண்டியது. 5 கிராமுக்குக் கணக்கிட்டால் 200 முதல் 300 மில்லிகிராம் லெவோடோபா ஆகிறது. இரண்டு வேளைக்கு 400 முதல் 600 வரும். உங்கள் மாமனார் நான்கு மாத்திரைகளிலும் சேர்த்துப் பெறுவது 400 மட்டுமே. ஆகவே, ஒருவரும் திட்டமிடாமலேயே அவருடைய நாள் அளவு இரட்டிப்பாகியிருக்கலாம். விதையின் ரகம், தோல் நீக்கியதா இல்லையா, பாலில் வேகவைத்துச் சுத்தி செய்ததா என்பவற்றைப் பொறுத்து இந்த அளவு பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார்பிடோபா. தனியாக உட்கொள்ளும் லெவோடோபாவின் பெரும்பகுதி மூளையை எட்டும் முன்பே குடலிலும் மற்ற உறுப்புகளிலும் டோபமைனாக மாறி வீணாகிவிடும்; குமட்டலும் வரும். மண் வாய்க்காலில் கசிந்ததுபோக மிஞ்சிய நீர்தானே கடைமடைக்குப் போகிறது? கார்பிடோபா அந்த வாய்க்காலுக்குக் காரை பூசுகிறது. நாளுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா இருந்தால் கசிவு பெரிதும் அடைபடும். உங்கள் மாமனாருக்கு 100 கிடைக்கிறது. பொடியை மட்டும் சாப்பிடும் ஒருவருக்குச் சிறிதளவே வேலை செய்யும் அதே கரண்டி, மாத்திரையோடு சேரும்போது பல மடங்கு வலுப்பெறுவது இதனால்தான். உங்கள் உறவினருக்குத் தெரிந்த யாரோ ஒருவருக்கு ஒத்துக்கொண்ட அளவு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

மருந்து உச்சத்தில் இருக்கும்போது வரும் இந்த நெளிவுக்கு டிஸ்கைனீசியா என்று பெயர். பார்க்கின்சன் நடுக்கம் வேறு, இது வேறு. பிற்பகலில் கால் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் மருந்து வடிந்துவிட்ட நேரத்தில் நிகழ்வது. லெவோடோபா இரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் மேடு உயர்ந்தால் பிற்பகல் பள்ளமும் ஆழமாகவே தெரியும். படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றல் இருக்கிறதா, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா என்றும் கேட்டுவையுங்கள். இருந்தால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

பதில் 2: தாராபுரத்திலிருந்து, தாயாரைக் கவனிப்பவர்

ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று ஐயா சொன்னதை நான் பட்டறிந்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மூலிகை விற்பனையாளர், “மாத்திரையை விட்டால்தான் மூலிகை பிடிக்கும்” என்று சொன்னதை நம்பி அம்மாவின் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் உடல் கட்டைபோல் விறைத்து, காய்ச்சல் ஏறி, விழுங்கவும் முடியாமல் கோயம்புத்தூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று. அம்மா திரும்பி வந்தார். ஆனால் பழைய நடை திரும்பவில்லை. பொடியில் லெவோடோபா இருப்பதால், அதைத் திடீரென்று விட்டாலும் விறைப்பு கூடக்கூடும்.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள், அக்கா. நாங்கள் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் அரை மணிக்கொரு கட்டம் போட்டு, நெளிவு இருந்தால் ‘நெ’, நன்றாக இருந்தால் ‘ந’, விறைத்திருந்தால் ‘வி’ என்று எழுதினோம். மாத்திரை, பொடி, சாப்பாடு ஆகியவற்றின் நேரத்தையும் அருகிலேயே குறித்தோம். நெளிவைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அறையில் அது வராமலே போய்விடும்.

உணவையும் குறித்து வைப்பது வீணாகாது. புரதம் குடலில் லெவோடோபாவுடன் போட்டியிடும். எங்கள் வீட்டில் மதியம் அரிசியும் பருப்பும் சமைக்கும் நாட்களில்தான் அம்மாவுக்குப் பிற்பகல் விறைப்பு அதிகம் என்பது அந்தக் கட்டங்களைப் பார்த்த பிறகே புரிந்தது. இப்போது சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே மாத்திரையைத் தண்ணீரில் கொடுத்துவிடுகிறோம். பாலில் கொடுப்பது பற்றியும் கேளுங்கள்.

பதில் 3: சித்த மருத்துவர், பொள்ளாச்சி

பூனைக்காலியை நான் மதிக்கிறேன். அதனால்தான் அதைக் கரண்டிக் கணக்கில் விட்டுவிடக் கூடாது என்கிறேன். 2004-இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், எட்டு நோயாளிகளுக்கு அளவு கட்டுப்படுத்திய பூனைக்காலித் தயாரிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 30 கிராம் கொடுத்தபோது, 200 மில்லிகிராம் லெவோடோபாவும் 50 மில்லிகிராம் கார்பிடோபாவும் கொடுத்ததைவிட விரைவாக, ஏறத்தாழ 35 நிமிடத்தில் பலன் தொடங்கி, 37 நிமிடம் கூடுதலாக நீடித்தது. நம் மக்கள் இந்தச் செய்தியை மட்டும் பகிர்கிறார்கள். அந்த 30 கிராமில் இருந்த லெவோடோபா 1000 மில்லிகிராம் என்பதைப் பகிர்வதில்லை. பின்னர் பொலிவியாவில் 14 பேருக்கு நெடுநாள் கொடுத்தபோது, வயிற்றுத் தொல்லையாலும் அசைவு மோசமானதாலும் பாதிப்பேர் நிறுத்திவிட்டனர்.

இன்னொன்றும் கேட்கிறேன். மாமனார் இரத்த அழுத்தத்துக்குச் சர்ப்பகந்தா கலந்த மருந்தோ, தலைசுற்றலுக்குச் சின்னரிசின் மாத்திரையோ சாப்பிடுகிறாரா? இரண்டுமே பார்க்கின்சன் அறிகுறிகளைக் கூட்டும். குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடும் ஆகாது. பொடிப் பொட்டலத்தை மறைக்காமல் நரம்பியல் மருத்துவரின் மேசைமேல் வையுங்கள். பொடியைத் தொடர்வதா, குறைப்பதா, மாத்திரையைக் குறைப்பதா என்பதை அவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

கோபி மருமகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். அத்தையின் கரண்டி 6 கிராம் காட்டியது. அவர் அழுதுவிட்டார். அவர்மேல் பிழையில்லை என்று மாமாவே சொல்லித் தேற்றினார். சின்னரிசின் மாத்திரை ஒன்று அலமாரியில் இருந்தது. சென்ற மாதம் தலைசுற்றலுக்காக அருகில் உள்ள மருந்துக் கடையில் வாங்கியது. பொடி, அந்த மாத்திரை அட்டை, குறிப்பேடு மூன்றையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். நெளிவைப் படம் பிடித்துக் காட்டியபோது, “நான் இப்படியா ஆடுகிறேன்?” என்று மாமா கேட்டார். அவருக்கு அது தெரியவே இல்லை.