‘ஒளிவட்ட நிறை உமிழ்வு’ என்பதற்கு மாற்றாக: மகுடப் பொருளெறிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவிலிருந்து பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வளிமம், பெருமுகிலாக எறியப்படுவதைக் குறிக்கும் ‘கரோனல் மாஸ் இஜெக்‌ஷன்’ என்பதற்கு இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்ட ‘ஒளிவட்ட நிறை உமிழ்வு’ என்னும் தொடரின் மூன்று உறுப்புகளும் மறுபரிசீலனைக்கு உரியவை என்று கருதுகிறேன்.

‘நிறை’ தமிழகப் பாடநூல்களில் ஓர் அளவையின் பெயர். இலங்கையில் அதற்குத் ‘திணிவு’ என்பார்கள், ‘நிறை’ என்றாலோ அங்கே எடையைக் குறிக்கும். இங்கே சூரியன் எறிவது அளவையை அன்று. காந்தப்புலத்தோடு பிணைந்த பிளாஸ்மாவை, பெரிய நிகழ்வுகளில் நூறு கோடி டன்னுக்கும் மேலாக எறிகிறது. ‘பொருள்’ என்றால் இரு நாட்டாருக்கும் விளங்கும். ‘உமிழ்வு’ கதிர்வீச்சுக்கு உரியதாக நிலைத்துவிட்டதால், எட்டு நிமிடங்களில் நம்மை எட்டும் சூரியச் சுடரின் (சூரியனில் திடீரென நிகழும் கதிர்வீச்சு வெடிப்பின்) ஒளியையும், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே வந்துசேரும் இம்முகிலையும் ஒன்றென எண்ணவைக்கும். ‘வீச்சு’ என்பதே எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அது அலையின் வீச்சாக இயற்பியலில் ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே ‘எறிவு’.

‘ஒளிவட்டம்’ என்பதில்தான் பெரிய இடர். சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தில், சூரியத் தட்டை ஒரு மறைதட்டால் மறைத்துப் படமெடுக்கும் லாஸ்கோ கருவியில், பக்கவாட்டில் செல்லும் எறிவு பல வேளைகளில் ஒளிரும் முன்வளைவு, இருண்ட குழிவு, ஒளிரும் உட்கரு என மூன்று கூறாகத் தெரியும். அதுவே நம்மை நோக்கி வந்தாலோ நேர் எதிர்த்திசையில் சென்றாலோ மறைதட்டைச் சுற்றி விரியும் வளையமாகத் தெரியும். 1979 நவம்பர் 27 அன்று அதே வகையைச் சேர்ந்த சோல்விண்ட் கருவி பதிவுசெய்த இத்தகைய வளையத்துக்கே ‘ஹேலோ’ என்று பெயரிட்டார்கள். லாஸ்கோ படங்களைக் கொண்டு தொகுத்த பட்டியலில் தோற்ற அகலம் 360 பாகை என்றால் முழு ஹேலோ, 120 பாகையும் அதற்கு மேலும் என்றால் பகுதி ஹேலோ. கரோனாவையே ஒளிவட்டம் என்றுவிட்டால் ஹேலோவுக்கு என்ன சொல்வது?

கரோனா என்னும் இலத்தீன் சொல்லுக்கு முடி என்றே பொருள், எனவே ‘மகுடம்’. ஹேலோவுக்கு நம்மிடம் சொல் இல்லாமலில்லை. நிலாவைச் சுற்றி வளையம் தெரிந்தால் நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று கிராமத்தில் சொல்வதை இலக்கியத் தமிழ் ஊர்கோள் என்றும் பரிவேடம் என்றும் குறித்தது. ‘ஊர்கோள்’ என் மனத்துக்கு நெருக்கமானது. ஆனால் ‘கோள்’ இன்று கிரகத்தையே நினைவூட்டும். ஆகவே முழு ஹேலோ ‘பரிவேட எறிவு’ ஆகட்டும், பகுதி ஹேலோ ‘குறைப் பரிவேட எறிவு’ ஆகட்டும்.

இவ்வகைக்குப் ‘புவிநோக்கு எறிவு’ என்னும் பரிந்துரையை மட்டும் ஏற்க இயலவில்லை. வளையத்தை மட்டும் பார்த்து அது முன்பக்கத்ததா பின்பக்கத்ததா என்று சொல்ல முடியாது. சூரியத் தட்டின் புறஊதாப் படங்களில் அதே நேரத்தில் கிளர்ச்சி தென்பட்டதா என்று ஒப்பிட்ட பிறகே புவியை நோக்கியது எனத் துணிகிறார்கள். அந்த முடிவைப் பெயரிலேயே ஏற்றிவிட்டால், பின்பக்க எறிவுகளுக்குத் தவறான பெயரே வாய்க்கும்.

‘மகுடப் பொருளெறிவு’ குறித்து உங்கள் மறுப்புகளை எதிர்நோக்குகிறேன்.