ரம்மி ஆட்டத்தில் கேம்பேட்: சீட்டைப் போட்டதும் எதுவும் நகரவில்லை, உதவுங்கள்

அல்சூர்_சீட்டுக்கட்டு: வணக்கம். பெங்களூரில் இருக்கிறேன். பணம் வைக்காத 13 சீட்டு ரம்மி ஒன்றை கோடோ 4 என்ற ஆட்டம் உருவாக்கும் மென்பொருளில் செய்கிறேன். மவுஸில் ஆடினால் எல்லாம் சரி. அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து ஆட ஆசைப்பட்டார், அதனால் கேம்பேட் சேர்த்தேன். ஒரு சீட்டைக் கீழே போட்டதும் எந்தப் பொத்தானும் வேலை செய்வதில்லை. அதோடு, வலப்பக்கம் தட்டினால் சில நேரம் அடுத்த சீட்டை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் கட்டுக்கு ஓடுகிறது. இப்போதைக்கு ஸ்டிக்கால் மவுஸ் அம்பை நகர்த்தும்படி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை.

கோரமங்களா_நிரல்: முதலில் அந்த அம்பை எடுத்துவிடுங்கள். விரித்த கையில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓரம் மட்டும்தான் தெரியும், அந்தப் பட்டையில் ஸ்டிக்கை நிறுத்துவது யாருக்குமே கஷ்டம்.

ஃபோகஸ், அதாவது இப்போது தேர்வில் நிற்கும் அடையாளம், இருக்கும் சீட்டையே நீக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது போனால் ஃபோகஸ் யாரிடமும் இருக்காது. நீக்கும் முன்பே கிராப் ஃபோகஸ் என்ற கட்டளையால் பக்கத்துச் சீட்டுக்கு ஃபோகஸைக் கொடுங்கள். ஓடிப்போவதற்குக் காரணம், திரையில் இருக்கும் இடத்தை வைத்து கோடோ தானே பக்கத்தைக் கணிப்பதுதான். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தால் அந்தக் கணிப்பு தப்பும். இடது, வலது ஃபோகஸ் நெய்பரை (அந்தப் பக்கம் தட்டினால் எந்தச் சீட்டுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) நீங்களே எழுதுங்கள். சீட்டு வரும்போதும் போகும்போதும் அடுக்கும்போதும் மறுபடி எழுத வேண்டும்.

ஜோக்கர்_பிரியர்: தம்பி, ரம்மியில் பாதி ஆட்டம் அடுக்குவதில்தான். ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டே இடவலம் தட்டினால் சீட்டு நகரட்டும். பேடின் மேல் விளிம்பில் இருக்கும் தோள் பொத்தான்கள் ஒரு சேர்க்கையிலிருந்து அடுத்ததற்குத் தாவட்டும். சீட்டைப் போடுவதற்கு வேறு பொத்தான் வையுங்கள், அரை நொடி அழுத்தினால்தான் போட வேண்டும். கை தவறி ஜோக்கரைப் போட்டால் அந்த ஆட்டமே போச்சு. எக்ஸ்பாக்ஸ் பேடில் கீழே இருப்பது ஏ, நின்டெண்டோவில் அதே இடத்தில் பி. எந்தப் பேடோ அதன் படத்தையே திரையில் காட்டுங்கள்.

அல்சூர்_சீட்டுக்கட்டு: இருவருக்கும் நன்றிங்க. போடும் சிக்கல் தீர்ந்தது. ஆனால் கட்டிலிருந்து எடுக்கும் புதுச் சீட்டுக்கு ஃபோகஸ் போகவில்லை, பிழைச் செய்தி வருகிறது.

கோரமங்களா_நிரல்: புதுச் சீட்டை சீனில் (ஓடும் ஆட்டக் காட்சியில்) சேர்க்கும் முன்பே அதற்கு ஃபோகஸ் கேட்கிறீர்களா? சேர்க்கும் கட்டளையான ஆட் சைல்டுக்கு அப்புறம் கேளுங்கள்.

அல்சூர்_சீட்டுக்கட்டு: அதேதான்! நேற்று இரவு அப்பா ஒரு ஆட்டம் முழுக்க ஆடினார். அரை நொடி அவர் கைக்கு நீளமாக இருந்தது, 0.3 ஆக்கிவிட்டேன்.