ஊரில் இல்லாதபோது கத்தரிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

கேள்வி: யாங்கோனில் மாடி வீடு. பால்கனித் தொட்டிகளில் கத்தரியும் புளிச்சக்கீரையும் நிற்கின்றன. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு மோல்மேன் போகிறோம். ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும்போது என் செடிகள் மட்டும் காய்வதா? காலி பாட்டில் மூடியில் ஊசித்துளை போட்டு மண்ணில் கவிழ்த்தால் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுபோகிறது. ஏன்?

பதில்: காற்று நுழைய வழியில்லை அண்ணே. மேலே வரும் அடிப்பக்கத்திலும் ஒரு சின்னத் துளை போடுங்கள், சொட்டும்.

பதில்: சொட்டும் தம்பி, சீக்கிரமே காலியும் ஆகிவிடும்! நான் திரிதான் வைப்பேன். நைந்த பருத்திக் கைலியைக் கிழித்து முறுக்கி, நன்றாக நனைத்து, ஒரு முனையை வாளியின் அடிவரை விடுங்கள். மறுமுனையை வேருக்குப் பக்கத்தில் நாலு விரல் ஆழத்தில் புதையுங்கள். வாளி தொட்டியைவிடச் சற்றே உயரமாக இருந்தால் போதும். ரொம்ப ஏற்றினால் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடும். வாளியை மூடி வையுங்கள், கொசு முட்டையிடும்.

பதில்: தரையில் தோட்டம் என்றால் மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைக்கலாம், தானாகக் கசியும். பால்கனியில் அதற்கு இடமேது!

கேட்டவர்: சரி அக்கா, கத்தரிக்குத் திரி. புளிச்சக்கீரையைக் கிளம்பும் முன்பே பறித்துக் கடைந்துவிடுகிறேன்.